மேட்டூர் வழியாக ஒகேனக்கல்

ஒகேனக்கல் போய்வர மூன்று பேருக்கு ஆயிரம் ரூபாய் போதும் என்று மலர்விழி சொன்னாள். கட்டிலில் உட்கார்ந்து முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த வெள்ளியங்கிரி கையை நிறுத்தினார்.

"ஆயிரத்துலயா? எப்படிப் புள்ள?"

அவரும் ஒரு வாரமாகக் கணக்குப் போட்டுப் பார்க்கிறார். எப்படிப் போட்டாலும் இரண்டாயிரத்துக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. புதுச்சத்திரத்திலிருந்து சேலம், சேலத்திலிருந்து தருமபுரி, அங்கிருந்து பென்னாகரம், பிறகு மலையிறங்கி ஒகேனக்கல். போக நாலு பஸ், வர நாலு பஸ். சின்னவள் தனப்பிரியா பத்தாம் வகுப்பில் நானூற்றைம்பதைத் தாண்டினால் ஒகேனக்கல் கூட்டிப்போகிறேன் என்று குச்சிக்கிழங்குக்கு நல்ல விலை கிடைத்த ஒரு நாள் சொல்லிவிட்டார். பெண் நானூற்று அறுபத்தொன்று வாங்கிவிட்டாள். வெள்ளியங்கிரி சொன்ன சொல் மாறாத மனிதர். செலவழித்த காசை மூன்று நாளைக்கு மறக்காத மனிதரும்கூட. இந்த இரண்டு மனிதரும் ஒரே உடம்பில் இருந்தால் தூக்கம் எப்படி வரும்?

"டவுன் பஸ்ஸுல எனக்கும் புள்ளைக்கும் டிக்கெட்டுக்குக் காசே இல்லீங்களே" என்றாள் மலர்விழி. "ராசிபுரம் வரைக்கும் ஒன்னு, அங்கிருந்து மல்லூரு, அப்புறம் சேலம், அப்புறம் ஓமலூரு, ஓமலூர்ல ஏறுனா மேட்டூரு. அத்தனையும் டவுன் பஸ்ஸுங்க. நீங்க ஒருத்தருதான் காசு குடுக்கோணும். மேட்டூர்ல இருந்து பென்னாகரத்துக்கும், அங்கிருந்து கீழ எறங்கறதுக்கும்தான் மூணு பேருக்கும் டிக்கெட்டு."

"மேட்டூர் சுத்து வழி ஆச்சே."

"சுத்துனா என்னுங்க? காசா பணமா?"

"தருமபுரிப் பக்கம் டவுன் பஸ்ஸு ஓடாதாக்கும்?"

"தொப்பூர் கணவாய்ல எங்கீங்க டவுன் பஸ்ஸு ஓடுது?"

வெள்ளியங்கிரி மனதுக்குள் கூட்டிக் கழித்தார். முகம் தெளிந்தது. பெண்டாட்டிக்கு இவ்வளவு மூளை இருக்கிறது என்று இத்தனை வருடம் தெரியாமல் போயிற்றே என்பதுபோல அவளைப் பார்த்தார். பிறகு மறுபடியும் முழங்காலைத் தேய்க்க ஆரம்பித்தார். மலர்விழி அடுப்படிக்குள் போய் அரிசிப் பானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

காசை மிச்சம் பிடிப்பதற்காக அவள் மேட்டூர் வழியைக் கண்டுபிடிக்கவில்லை. மேட்டூரில் சௌந்தர்யா இருக்கிறாள்.

சௌந்தர்யா மூத்தவள். இரண்டு வருடத்துக்கு முன்னால், ராசிபுரத்தில் கல்லூரி முடித்த கையோடு, வாழப்பாடிப் பக்கத்து அறிவு என்கிற பையனைக் கட்டிக்கொண்டாள். நல்ல பையன்தான். வேறு சாதி. அதற்கு மேல் இந்த ஊரில் யாரும் எதுவும் விசாரிக்க மாட்டார்கள். போலீஸ் ஸ்டேஷனில் எனக்கும் இவளுக்கும் சம்பந்தமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெள்ளியங்கிரி வீடு வந்து சேர்ந்தார். சத்தம் போடவில்லை. ஒரு தட்டைக்கூடத் தூக்கி எறியவில்லை.

தலை முழுகிவிட்டேன் என்று நம் பக்கத்தில் எல்லோரும்தான் சொல்கிறார்கள். ஆகாத பங்காளியை, விலை போகாத வெங்காயத்தை, விட்டுவிட்ட சீட்டாட்டத்தை. சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார்கள். வெள்ளியங்கிரி நிஜமாகவே முழுகினார். மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் கட்டிய வேட்டியோடு நின்று மூன்று குடம் தலையில் ஊற்றிக்கொண்டார். எழவு வீட்டுக்குப் போய்வந்தவர் ஊற்றிக்கொள்வதைப்போல. பிறகு குடத்தை மலர்விழியிடம் நீட்டினார். அவளும் ஊற்றிக்கொண்டாள். பதின்மூன்று வயது தனப்பிரியா பள்ளிக்கூடச் சீருடையோடு நின்று ஊற்றிக்கொண்டாள். அடுத்த மாதமே ரேஷன் கார்டிலிருந்து மூத்தவள் பெயரை எடுத்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் சௌந்தர்யா என்ற சொல்லை யாரும் சொன்னதில்லை.

மாட்டேன் என்று மலர்விழி அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். குடத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போயிருக்கலாம். அடித்திருக்க மாட்டார், அடிக்கிற ஆள் இல்லை. ஆனால் அவள் ஊற்றிக்கொண்டாள். பெற்ற பெண் உயிரோடு இருக்கும்போதே சாவுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டவள் நான் என்ற நினைப்பு இரண்டு வருடமாக அவளைத் தின்றுகொண்டிருந்தது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தனப்பிரியாவின் செல்போனில் 'தமிழ் மிஸ்' என்று ஒரு எண் இருந்தது. அது சௌந்தர்யாவின் எண். முதலில் திருப்பூரில் இருந்தார்கள். எட்டு மாதத்துக்கு முன்னால் அறிவுக்கு மேட்டூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கே வந்து குழந்தையும் பிறந்தது. பெண் குழந்தை, ஆறு மாதம், வெண்ணிலா என்று பெயர். பிள்ளைப்பேற்றுக்குத் தாய் வீடு இல்லாமல் பக்கத்து வீட்டு அம்மாள்தான் பத்தியச் சோறு போட்டாளாம். அதைக் கேட்ட அன்று மலர்விழி மாட்டுக் கொட்டகையில் நின்று அழுதாள். போட்டோவில் குழந்தையைப் பார்த்தாள். போட்டோவில் பார்த்து என்ன செய்ய? கனம் தெரியுமா, வாசனை தெரியுமா?

திட்டம் இதுதான். மேட்டூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் பென்னாகரம் பஸ்ஸுக்கு இருபத்தைந்து நிமிடம் இருக்கிறது. வெள்ளியங்கிரி எந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலும் முதலில் டீ குடிப்பார். பிறகு பஸ் எத்தனை மணிக்கு என்று ஒருவரிடம் கேட்பார். அவர் சொன்னதை நம்பாமல் இன்னும் இரண்டு பேரிடம் கேட்பார். அதற்குள் மலர்விழி கழிப்பறைப் பக்கம் போக வேண்டும். அங்கே பூக்கடைக்குப் பின்னால் சௌந்தர்யா குழந்தையோடு நிற்பாள். அவ்வளவுதான். சமாதானம், சீர், மாப்பிள்ளை மரியாதை எதையும் அவள் கேட்கவில்லை. குழந்தையை ஒரு தரம் கையில் வாங்க வேண்டும். பெரியவளின் முகத்தைப் பக்கத்தில் பார்க்க வேண்டும். முடிந்தால், அன்றைக்கு ஊற்றிக்கொண்டது தப்பு சாமி என்று சொல்ல வேண்டும்.

கணவர் மனம் மாறிவிடக் கூடாதே என்று மலர்விழி தானே செலவைக் குறைத்துக்கொண்டு போனாள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்கு அங்கே ஆள் வைத்துக்கொள்ள வேண்டாம், வீட்டு நல்லெண்ணெயைச் சின்ன பாட்டிலில் கொண்டுபோய்விடலாம். மீன் வாங்கி அங்கேயே சமைத்துத் தரச் சொன்னால் காசு பிடிக்கும், புளிச்சோறு கட்டிக்கொள்ளலாம். பரிசல் வேண்டாம், கரையில் நின்று பார்த்தாலே போதும். பரிசல் வேண்டாம் என்றபோது மட்டும் தனப்பிரியாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பெண் ஒரு வருடமாக அந்தப் பரிசல் வீடியோவைத்தான் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாறைகளுக்கு நடுவே சுற்றிச் சுற்றிப் போகிற பரிசல்.

"அதுல எனக்குத் தலை சுத்தும்மா" என்றாள் தனப்பிரியா. "பரிசலு வேண்டாம்ப்பா."

படித்து மார்க் வாங்கியவள் அவள். பயணம் அவளுக்காக. அதையும் பிடுங்கி அக்காளுக்குக் கொடுக்கிறோம் என்று மலர்விழிக்குத் தெரிந்தே இருந்தது. எந்தப் பிள்ளைக்குத்தான் நான் ஒழுங்கான அம்மா என்று நினைத்துக்கொண்டு வெங்காயம் உரித்தாள்.

ஆற்றில் தண்ணீர் கூடினால் அருவியில் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். தடை போட்டால் பயணமே கிடையாது என்று வெள்ளியங்கிரி சொல்லிவிட்டார். குளிக்காமல் திரும்பி வருவதற்கு எதற்குக் காசு? அதனால் தினமும் காலையில் டிவியில் ஒகேனக்கல் நீர்வரத்து எத்தனை கன அடி என்று மலர்விழி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். கர்நாடகத்தில் கோடை மழை என்றார்கள். ஒரு நாள் இரண்டாயிரம், மறுநாள் மூவாயிரம். மழை வேண்டாம் சாமி, ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் எங்கேயும் மழை வேண்டாம் என்று வேண்டிக்கொண்டாள். விவசாயி பெண்டாட்டி வேண்டக்கூடாத வேண்டுதல்தான். அதுவும் பலித்தது. சனிக்கிழமை ஆயிரத்தைந்நூறுக்கு வந்துவிட்டது.

அன்று சோறு வேகும்போது ஜாதிக்காயையும் கடுக்காயையும் துணியில் முடிந்து உள்ளே போட்டாள். குழந்தைக்கு உரை மருந்து. வசம்பைச் சுட்டு வைத்தாள். வாசனை கூடத்துக்குப் போய்விட்டது.

"என்ன புள்ள, கைக்கொழந்த இருக்கற ஊடாட்ட மணக்குது?"

மலர்விழி துணி முடிச்சைச் சோற்றுக்குள் அமுக்கினாள். "எனக்கு வயித்து வலிங்க. சித்த ஒரசிக் குடிக்கலாம்னுதான்."

"நாளைக்கு ஊருக்குப் போற நேரத்துல வயித்து வலியா? பொட்டாட்டப் போய்ப் படு. மாடு நான் பாத்துக்கறேன்."

அவர் நல்ல மனிதர்தான். அதுதான் மலர்விழிக்குக் கஷ்டமாக இருந்தது. கெட்டவராக இருந்திருந்தால் எப்போதோ எதிர்த்துப் பேசியிருப்பாள்.

ஞாயிறு விடிகாலையில் கிளம்பினார்கள். பக்கத்துக் காட்டுச் செல்லமுத்து மாடு கறந்துகொள்வதாகச் சொல்லியிருந்தார். புளிச்சோற்றுத் தூக்குக்கு அடியில் மருந்துப் பொட்டலமும் ஒரு சின்னச் சட்டையும் இருந்தன. ராசிபுரம், மல்லூர், சேலம் என்று பஸ் பஸ்ஸாக மாறினார்கள். பெண்கள் முன்னால் உட்கார்ந்து காசில்லா டிக்கெட்டைத் தாங்களே வாங்கிக்கொண்டார்கள். வெள்ளியங்கிரி பின்னால் ஆண்கள் பக்கம் உட்கார்ந்தார். ஒவ்வொரு ஊரிலும் இறங்கியபோது அவருக்கு உற்சாகம் கூடிக்கொண்டே போனது. மிச்சமாகிற காசில் பிள்ளைக்குப் பரிசலே போகலாம் போலிருக்கிறதே என்றார். தனப்பிரியா சிரித்தாள். மலர்விழியும் சிரித்தாள். எல்லாம் இவ்வளவு சுளுவாக நடக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

ஓமலூரில் ஏறிய மேட்டூர் பஸ்ஸில் கூட்டம். பின்னால் கடைசி நீளச் சீட்டில்தான் இடம் இருந்தது. மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். வெள்ளியங்கிரி ஜன்னலோரம், நடுவில் தனப்பிரியா, இந்தப் பக்கம் மலர்விழி. குடும்பமாக ஒரே சீட்டில் உட்கார்ந்து எத்தனை வருடமாயிற்று! வெள்ளியங்கிரி வெளியே தென்னந்தோப்புகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். கண்டக்டர் வந்து நின்றதும் முகத்தைத் திருப்பாமலே நூறு ரூபாயை நீட்டினார்.

"மேட்டூரு ஒன்னு. லேடீஸ் மூணு."

கண்டக்டர் கையிலிருந்த மெஷினில் டிக்கெட் வந்துவிட்டது. கிழித்துக் கொடுத்த பிறகுதான் அவர் சீட்டைப் பார்த்தார்.

"லேடீஸ் ரெண்டு பேருதான இருக்காங்க. இன்னொருத்தரு முன்னாடி உக்காந்திருக்காங்களா?"

வெள்ளியங்கிரி திரும்பினார். கண்டக்டரைப் பார்த்தார். கையிலிருந்த டிக்கெட்டைப் பார்த்தார். அவர் வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

எப்போதும் அப்படித்தான் சொல்லுவார். கல்யாணத்துக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும், எனக்கு ஒன்று, லேடீஸ் மூணு. பெண்டாட்டியும் இரண்டு பெண்களும். ரேஷன் கார்டில் பெயரை எடுத்தவர் நாக்கிலிருந்து எடுக்க மறந்துவிட்டார். மலர்விழி அவரையே பார்த்தாள். இவர் மறக்கவில்லை. இரண்டு வருடமாக இவரும் மூன்று என்றுதான் எண்ணிக்கொண்டிருக்கிறார். அவர் முகத்தில் இருந்தது திகைப்பு. அதை அவள் இளக்கம் என்று எடுத்துக்கொண்டாள். இருபத்தைந்து வருடம் ஒருவரோடு குடும்பம் நடத்தியவள் செய்யக்கூடாத தப்பு.

தனப்பிரியாவுக்கு மேலே கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஏனுங்க, அவ மேட்டூர்லதானுங்க இருக்கறா. பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிக்கறாளுங்க. கைக்கொழந்தையோட. பொட்டப்புள்ளைங்க. மூக்கு அப்படியே உங்க மூக்குங்க."

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அதனால் அவள் இன்னும் நம்பினாள்.

"ஆரு?" என்றார்.

மலர்விழிக்குப் பெயர் வாயில் வரவில்லை. இரண்டு வருடம் அடக்கி அடக்கி வைத்த பெயர், வேண்டிய நேரத்தில் வெளியே வர மாட்டேன் என்றது.

"அக்காங்கப்பா" என்றாள் தனப்பிரியா.

அவர் கையிலிருந்த டிக்கெட்டை மடித்தார். பிறகு, மிக மெதுவாக, "அதுக்குத்தான் இந்த பஸ்ஸா" என்றார். "டவுன் பஸ்ஸு, புளிச்சோறு, எல்லாம் அதுக்குத்தானா?"

"நீங்களே மூணுன்னு சொன்னீங்களே" என்றாள் மலர்விழி.

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகம் ஒருமுறை கலங்கியது. பிறகு இறுகியது. தன்னை யாரோ கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்கள் என்ற கோபம். அது மகள்மேல் வந்த பழைய கோபத்தைவிடப் பெரியது என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை நாள் தன்னை உறுதியான மனிதன் என்று நம்பிக்கொண்டிருந்தவருக்கு, அரைப் பஸ் ஜனத்துக்கு முன்னால் அவருடைய வாயே துரோகம் செய்துவிட்டது.

"அடுத்து வர்ற மேச்சேரில எறக்கி உடுங்க" என்றார் கண்டக்டரிடம்.

"மேட்டூருக்கு டிக்கெட் வாங்கீட்டீங்களேங்க."

"காசு போனாப் போகுது."

வெள்ளியங்கிரி வாயிலிருந்து அந்தச் சொல்லை மலர்விழி அதற்கு முன்னால் கேட்டதே இல்லை. இனி கெஞ்சிப் பயனில்லை என்று அதிலேயே தெரிந்துவிட்டது. இருந்தாலும் கெஞ்சினாள். "நீங்க பஸ்ஸுலயே உக்காந்திருங்க. நான் மட்டும் எறங்கி ஒரு எட்டுப் பாத்துட்டு ஓடியாந்தர்றேனுங்க." பக்கத்தில் நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். மேச்சேரி வந்ததும் அவர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

மூன்று பேரும் இறங்கினார்கள். பஸ் மேட்டூருக்குப் போய்விட்டது. இன்னும் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டு வந்திருந்தால் குழந்தை இந்நேரம் கைக்கு வந்திருக்கும். யாரும் கெடுக்கவில்லை, அவளே கெடுத்தாள். ஆசைப்பட்டுக் கெடுத்தாள். ஆசைக்குக்கூடத் தகுதி இல்லாதவள் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு சாலையைக் கடந்தாள்.

எதிர்ப்பக்க நிழற்குடையில் உட்கார்ந்தார்கள். வெள்ளியங்கிரி தண்ணீர் பாட்டிலை எடுத்துத் தனப்பிரியாவிடம் நீட்டினார்.

"தண்ணி குடி சாமி. ஒகேனக்கல்லுக்கு இன்னொரு நாளைக்கிப் போலாம். தருமபுரி வழியாவே போலாம். பரிசலுக்கும் போலாம்."

"எனக்கு வேண்டாங்கப்பா" என்றாள் தனப்பிரியா. "எப்பவுமே வேண்டாம்."

அவர் பாட்டிலை மூடினார். மூடி சரியாகப் பொருந்தவில்லை. இரண்டு மூன்று தரம் திருகிப் பார்த்துவிட்டு அப்படியே பிடித்துக்கொண்டார். அவருடைய கண் சிவந்திருந்தது. ஒருவேளை இவரும் அழுதால் எல்லாம் சரியாகிவிடுமோ என்று மலர்விழி பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் அழவில்லை.

செல்போன் அடித்தது. தனப்பிரியா அம்மாவைப் பார்த்தாள். அடித்து நின்றது. மறுபடி அடித்தது. மலர்விழி அதை வாங்கிக் காதில் வைத்தாள். வெள்ளியங்கிரிக்குத் தெரிய, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து.

"அம்மா, ஓமலூர் டவுன் பஸ்ஸு ஒன்னு வந்துதும்மா. அதுல நீங்க எறங்கலியே. அடுத்ததுல வாறீங்களா? பாப்பாவுக்குத் தலைக்குத் தண்ணி வாத்துப் புதுக் கவுனு போட்டுக் கூட்டியாந்திருக்கேன். பூக்கடைக்குப் பின்னாலதான் நிக்கறேன். அப்பா பாக்க மாட்டாரு, பயப்படாத. நான் முக்காடு போட்டிருக்கேன்."

பின்னால் குழந்தை ஏதோ சத்தம் போட்டது. சிணுங்கலா சிரிப்பா என்று தெரியவில்லை. மலர்விழி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"வெயில்ல நிக்காத சாமி" என்றாள். "பாப்பாவத் தூக்கிட்டு ஊட்டுக்குப் போ."

"ஏம்மா? என்னாச்சு?"

சேலம் பக்கம் போகிற பஸ் வந்து நின்றது. வெள்ளியங்கிரி எழுந்து பையோடு ஏறினார். மலர்விழி போனை அணைத்தாளா இல்லையா என்று அவளுக்கே நினைவில்லை. தனப்பிரியா கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். முன்னால் நிறைய இடம் இருந்தது. யாரும் பின்னால் வரச் சொல்லவில்லை, ஆனாலும் இரண்டு பெண்களும் அவருக்கு எதிர்ச் சீட்டிலேயே உட்கார்ந்தார்கள்.

கண்டக்டர் வந்தார். இவர் வேறு ஆள், இளவயது.

"எங்கீங்கய்யா?"

"ஓமலூரு ஒன்னு" என்றார் வெள்ளியங்கிரி.

"லேடீஸு?"

வெள்ளியங்கிரி வாயைத் திறக்கவில்லை. காசைக் கொடுத்துவிட்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார்.